சுமை ஏறும் முன் ஒரு சொட்டுச் சோதனை

‘‘பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கத்தரியும் வெண்டையும் கொண்டுபோகிறோம். அங்கிருந்து கேரளாவுக்குச் சுமை ஏறுகிறது. காயில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்று, சர்க்கரை நோய்க்குப் பார்ப்பதுபோல ஓர் அட்டையில் சொட்டு விட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று கமிஷன் கடையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?’’

– வாசகர், பாவூர்சத்திரம்

உண்மைதான். அப்படி ஓர் அட்டை இருக்கிறது. தைவான், சீனா போன்ற நாடுகளின் காய்கறிச் சந்தைகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்திலும் இருக்கிறது. ‘பயோசென்சார்’ எனப்படும் உயிரி உணரிகளிலேயே மிக எளிய வடிவம் அது. ஆனால், அந்த அட்டை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரியாமல் வாங்கினால் காசும் போகும். ‘எங்கள் காய் சுத்தம்’ என்று வியாபாரியிடம் சொன்ன சொல்லும் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

தென்காசி மாவட்டத்து விவசாயிக்கு இந்தச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் சந்தைகளில் சேரும் காயில் கணிசமான பங்கு செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அங்கே விலை நிற்பதும் சரிவதும் இங்கே மறுநாள் ஏலத்தில் தெரிந்துவிடும். 2015-ம் ஆண்டில், தமிழ்நாட்டுக் காய்கறிகளில் அளவுக்கு மீறிப் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகச் சொல்லி, கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சாவடிகளில் கெடுபிடி காட்டியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாடு அரசு தரப்பு அதை மறுத்தது. இரு பக்கமும் ஆய்வக அறிக்கைகளைக் காட்டிப் பேசினார்கள். நடுவில் நின்றவர் காயைப் பறித்து மூடையில் கட்டியவர்தான். அவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை.

கேரளாவின் பயம் 2015-ல் தோன்றியதும் இல்லை. 1958-ல் கப்பலில் வந்த கோதுமையோடு பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் ஏற்றி வரப்பட்டு, மருந்து கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவில் செய்த பண்டத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அதை விசாரிக்க அமைத்த ஆணையத்தின் பரிந்துரையிலிருந்துதான், இன்றைக்கு ஒவ்வொரு மருந்துக் கடையும் உரிமம் வாங்கக் காரணமான 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமே பிறந்தது. அதற்குப் பிறகு காசர்கோட்டு எண்டோசல்பான் துயரம். இத்தனையும் பார்த்த மக்கள், வாங்கும் காயைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் எச்ச ஆய்வகம் இருக்கிறது. கடைகளில் காயை வாங்கி ஆய்ந்து, எந்தக் காயில் என்ன மருந்து என்று 2013 முதல் வெளியிட்டும் வந்திருக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஓர் ஆய்வகம் உண்டு.

அப்படியானால் அங்கேயே அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆய்வகத்தின் கருவிகள் நுட்பமானவை. நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே மாதிரியில் தனித்தனியாகப் பிரித்து அளந்துவிடும். ஆனால், ஒரு மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். கோவை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முடிவு கைக்கு வர நாளாகும். உணவுப் பாதுகாப்புச் சட்டமே உணவுப் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் அவகாசம் தருகிறது. இன்றைக்குப் பறித்த வெண்டை 14 நாள் கழித்து எங்கே இருக்கும்? சாம்பாராகி, சாப்பிட்டவர்களும் மறந்திருப்பார்கள். ஆக, ஆய்வக முடிவு அடுத்த முறைக்குப் பாடமாகலாமே தவிர, இன்றைய சுமையை நிறுத்தவோ காப்பாற்றவோ உதவாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உயிரி உணரி.

இதில் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தையும் விவசாயி தெரிந்துகொள்வது நல்லது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, பண்ணை அளவில் விளைவிக்கும் விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மாட்டிக்கொள்வது வியாபாரிதான். இது விவசாயிக்குச் சாதகம்போலத் தோன்றும். நடப்பில் அப்படி இல்லை. ஒரு முறை பிரச்னை வந்த வியாபாரி, அந்த ஊர்க் காயையே வாங்காமல் ஒதுக்கிவிடுவார். மருந்தடித்து இரண்டாம் நாளே பறித்தவர் காயும், பத்து நாள் பொறுத்துப் பறித்தவர் காயும் ஒரே மூடையில் கலந்து போகும்போது, பொறுத்தவருக்கும் சேர்த்தே கெட்ட பெயர்.

சரி, அந்த அட்டை எப்படி வேலை செய்கிறது?

பூச்சியின் உடம்பிலும் மனிதர் உடம்பிலும் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி போக ஒரு ரசாயனம் சுரக்கிறது. செய்தி போனதும் அந்த ரசாயனத்தை உடனே துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்று பெயர். மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகளும், கார்போபியூரான், கார்பரில் போன்ற கார்பமேட் வகை மருந்துகளும் இந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். துடைக்க ஆளில்லாமல் செய்தி போய்க்கொண்டே இருப்பதால்தான் பூச்சி உதறி உதறிச் சாகிறது. மருந்தடிப்பவருக்கு வாயில் எச்சில் ஊறுவதும், கண்பாப்பா சுருங்கிப் பார்வை மங்குவதும், கை நடுங்குவதும் இதே காரணத்தால்தான்.

அட்டையில் இருப்பதும் அதே நொதிதான். அட்டையின் ஒரு பக்கத்தில் நொதி தடவிய வெள்ளைப் பொட்டு. இன்னொரு பக்கத்தில் நொதி பட்டால் நீலமாக மாறும் ஒரு ரசாயனப் பொட்டு. காய் கழுவிய நீரை வெள்ளைப் பொட்டில் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்து, அட்டையை மடித்து இரண்டு பொட்டையும் ஒட்டவைத்து மூன்று நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நீரில் மருந்து இல்லையென்றால் நொதி சுறுசுறுப்பாக வேலை செய்து நீல நிறம் வரும். மருந்து இருந்தால் நொதி ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கும். பொட்டு வெள்ளையாகவே நிற்கும். நிறம் வந்தால் ஆபத்து என்றே எல்லோரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ்: நீலம் நல்லது, வெள்ளை சந்தேகம்.

நொதி என்பது முட்டை வெள்ளைக்கருபோல ஒரு புரதம். சும்மா தாளில் தடவினால் நீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். வெயில் பட்டால் கெட்டுவிடும். அதைப் பிடித்துவைக்கவும், அதே நேரத்தில் நீரும் மருந்தும் உள்ளே போய்வரவும் ஏற்ற ஒரு மெத்தை தேவை. அந்த மெத்தைதான் உயிரிப் பாலிமர். உயிர்களிடமிருந்து கிடைக்கும் நீண்ட சங்கிலிப் பொருள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் இதில் முதலிடம் பிடிக்கிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் விளையும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் இன்னொன்று. அதன் கரைசலில் நொதியைக் கலந்து கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், ஜவ்வரிசிபோல மணிமணியாக உருண்டு, நொதி உள்ளே சிறைப்பட்டுவிடும். காகிதமே செல்லுலோஸ் என்ற உயிரிப் பாலிமர்தான். இறால் கம்பெனி குப்பையில் கொட்டும் ஓடு, காய்கறிச் சந்தைக்குக் காவல் நிற்க வருகிறது என்பது நல்ல சங்கதி. இவை மக்கிப்போகக் கூடியவை; பயன்படுத்திய அட்டை பிளாஸ்டிக் குப்பைபோலக் கிடக்காது.

இந்த யோசனையின் மூத்த வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது. 1962-ல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க், நொதியை ஒரு மின்முனையில் பொருத்தி இரத்தச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார். இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவி அதன் பேரப்பிள்ளை. பூச்சிமருந்து உணரியிலும் மின்முனை வைத்து எண்ணாகக் காட்டும் வகைகள் வந்துகொண்டிருக்கின்றன. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், மெத்தில் பாரத்தியானைச் சிதைத்து மஞ்சள் நிறம் தரும் நுண்ணுயிரை வைத்து உணரி செய்திருக்கிறார்கள். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த ஆய்வு நெடுநாளாக நடந்துவருகிறது. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தார் 2021-ல் கையுறையின் விரல் நுனிகளிலேயே உணரிகளை அச்சிட்டு, காயைத் தொட்டதும் மருந்தைக் காட்டும்படி செய்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் மறுவருடம் பாவூர்சத்திரத்துக்கு வந்துவிடாது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நொதி அட்டைதான். அதைப் பற்றியே மேலே பார்ப்போம்.

முதல் சிக்கல், நம் ஊர் வெயில். பங்குனி, சித்திரையில் அட்டையை மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வண்டியின் முன்கண்ணாடி ஓரத்திலோ வைத்தால் நொதி செத்துவிடும். செத்த நொதி நீலம் தராது. அட்டை வெள்ளையாகவே நிற்கும். நல்ல காயைப் பார்த்து ‘மருந்து இருக்கிறது’ என்று பொய் சொல்லும். ஆனி, ஆடிச் சாரலில் நேர்மாறான காரணத்தால் அதே குழப்பம் வரும். நொதிக்கு மனித உடம்பின் சூடு, அதாவது 37 டிகிரி, பிடிக்கும். குளிர்ந்த காற்றில் அது சோம்பலாக வேலை செய்யும்; மூன்று நிமிடத்தில் வர வேண்டிய நீலம் வராது. அதனால்தான் மடித்த அட்டையை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். உள்ளங்கைச் சூடு போதும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வு: காய் நீர் விட்ட அட்டைக்குப் பக்கத்திலேயே, அட்டையோடு வரும் வெறும் கரைசலை மட்டும் விட்டு இன்னோர் அட்டையையும் வைக்க வேண்டும். அது நீலமானால்தான் காய் அட்டையின் முடிவை நம்பலாம். இரண்டும் வெள்ளை என்றால் அட்டை கெட்டது. காயைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு அட்டை வீணாகிறதே என்று இந்தப் படியைத் தாண்டுகிறவர் எவரிடமிருந்தும் முடிவை ஏற்கக் கூடாது. வியாபாரி வந்து, ‘அண்ணாச்சி, உங்க காய் வெள்ளை காட்டுது’ என்று விலையைக் குறைத்தால், ‘பக்கத்து அட்டையைக் காட்டுங்க’ என்று கேட்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

இரண்டாவது சிக்கல் வெங்காயம். தென்காசிப் பக்கம் சின்ன வெங்காயமும் பல்லாரியும் இல்லாத சந்தை ஏது? வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி ஆகியவற்றின் சாற்றில் இயற்கையாகவே இந்த நொதியைத் தடுக்கும் அல்லது சோதனையைக் குழப்பும் பொருள்கள் இருக்கின்றன. இவற்றை நறுக்கிப் பிழிந்து சோதித்தால், மருந்தே காணாத தோட்டத்துக் காயும் வெள்ளை காட்டக்கூடும். இதற்காகவே சீனாவின் தரநிலையில், இப்படிப்பட்ட காய்களை நறுக்காமல் முழுசாகக் கரைசலில் நனைத்து, மேலே ஒட்டியிருப்பதை மட்டும் எடுத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெண்டை, கத்தரி, கீரை போன்றவற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 5 கிராமுக்கு 10 மில்லி கரைசல் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, இரண்டு நிமிடம் தெளியவிட்டு எடுக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். விற்கிறவர்கள் அதிகம் பேசாதது. இந்த நொதி அட்டை, நொதியைத் தாக்கும் மருந்தை மட்டுமே பார்க்கும். இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம் போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கான மருந்துகள், சைபர்மெத்ரின் வகையறா, குளோரான்ட்ரனிலிப்ரோல், எமாமெக்டின், பிப்ரோனில், பூஞ்சாணக் கொல்லிகள், களைக்கொல்லிகள் எதுவும் அதன் கண்ணில் படாது. கார்பன்டசிம், மான்கோசெப் என்ற பெயர்களின் ரசாயனக் குடும்பத்தில் ‘கார்பமேட்’ என்ற சொல் வருவதால் அவையும் தெரியும் என்று நினைப்பதும் தவறு. குளோர்பைரிபாஸ்கூட, காயில் இருக்கும் அதன் மூல வடிவத்தில் நொதியை லேசாகத்தான் தொடும்; புரோமின் நீர் போன்ற ஒன்றால் அதை மாற்றிவிட்டுச் சோதித்தால்தான் சரியாகப் பிடிபடும்.

இதற்கிடையே பாஸ்பரஸ் வகை மருந்துகளே குறைந்துவருகின்றன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. டிரையசோபாஸும் போரேட்டும் 2020 டிசம்பர் 31-ஓடு முழுவதுமாக நின்றன. இன்றைக்குக் கத்தரித் தோட்டத்து வரப்பில் கிடக்கும் காலி டப்பாக்களைப் பொறுக்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் அட்டைக்குத் தெரியாத மருந்தாக இருக்க வாய்ப்புண்டு. அட்டை நீலம் காட்டினால், ‘நரம்பைத் தாக்கும் பழைய, கடுமையான நஞ்சு அதிக அளவில் இல்லை’ என்றுதான் பொருள். ‘மருந்தே இல்லை’ என்று எழுதிக் கடையில் ஒட்டக் கூடாது.

‘அதிக அளவில்’ என்ற சொல்லும் முக்கியம். ஒரு மருந்துக்கு, ஒரு பயிரில் அனுமதி அளவு தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால், நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, பத்து டன் ஏற்றிய பத்து லாரிக் காயில் மொத்தமே ஒரு கிராம். இந்த நுணுக்கத்தை நொதி அட்டை எட்டாது. மருந்துக்கு மருந்து மாறினாலும், பலவற்றை ஒரு கிலோவில் அரை மில்லிகிராமிலிருந்து இரண்டு மூன்று மில்லிகிராம் வரை இருந்தால்தான் அது காட்டும். கர்ப்பம் பார்க்கும் பட்டை, கொரோனா பார்த்த பட்டைபோல எதிர்ப்புரதத்தை வைத்துச் செய்யும் பட்டைகள் இதைவிட நுட்பமானவை. இமிடாகுளோபிரிட் போன்றவற்றையும் பிடிக்கும். ஆனால், ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு பட்டை வாங்க வேண்டும். எந்த மருந்து அடித்தோம் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, அட்டையால் என்ன பயன் என்று கேட்கலாம். தைவானைப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கே வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1985-ல் ஈயின் தலையிலிருந்து எடுத்த நொதியை வைத்து விரைவுச் சோதனையை உருவாக்கியது. அதை மொத்தச் சந்தையிலும், விவசாயிகள் சங்கக் கூடத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். காய் வந்து இறங்கியதும் மாதிரி எடுத்து, ஏலம் தொடங்குவதற்குள் முடிவு சொல்லிவிடுவார்கள். தேறாத சுமை நிறுத்தப்படும். சோதனை எல்லா நஞ்சையும் காட்டாவிட்டாலும், உண்டவரை அன்றைக்கே மயக்கிப்போடும் கடும் நஞ்சை அது வடிகட்டிவிடுகிறது. சந்தேகமானதை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புவதால் செலவும் குறைகிறது.

நம் பகுதிக்கும் அதுவே பொருத்தம். தனி விவசாயி ஒருவர் அட்டைப் பெட்டி வாங்கி வீட்டில் வைப்பதைவிட, சந்தை வளாகத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ ஒரு குளிர்சாதனப் பெட்டியும், பழகிய ஓர் ஆளும், ஒரு பதிவேடும் இருந்தால் போதும். காயை மூடைக்கு மூடை நாலைந்து எடுத்து, விவசாயி வாரியாகத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கலந்து சோதித்தால் கலந்து திட்டுவாங்குவதில்தான் முடியும். சோதனை மூட்டை கட்டும் முன் நம் பக்கம் நடந்தால், அது விவசாயியின் சான்று. ஆரியங்காவில் நடந்தால், அவர்மீது குற்றச்சாட்டு. அட்டை வாங்கும்போது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விரைவுச் சோதனைகளுக்கென ஒப்புதல் அளித்த பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. அட்டை வெள்ளை காட்டியதை மட்டும் வைத்து யார்மீதும் வழக்குப் போட முடியாது. ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும்.

அட்டை வரும்வரை கையில் இருக்கும் அட்டை, மருந்து டப்பாவின் லேபிள். அதில் ‘கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருக்கும் நாள்’ என்று ஓர் எண் இருக்கும். எல்லாப் பயிருக்கும் ஒரே எண் என்று நினைத்துவிடக் கூடாது. குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 மருந்தையே எடுத்துக்கொள்வோம். தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கு 22 நாள்! நாலு நாளைக்கு ஒரு பறிப்பு எடுக்கும் கத்தரியில் 22 நாள் யார் பொறுப்பார்? ஆகவே, காய்ப்பு தொடங்கிய கத்தரியில் அந்த மருந்தை எடுக்கவே கூடாது. தண்டு, காய்த் துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, துளைத்த நுனிகளைக் கிள்ளி எரிப்பது, வேப்பங்கொட்டைச் சாறு என்று போக வேண்டும். மீறினால் குறைந்த காத்திருப்பு நாள் உள்ள, கத்தரிக்கென்றே பரிந்துரைத்த மருந்தாகக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து ஒரே டேங்கில் அடிக்கச் சொன்னால், எதன் காத்திருப்பு நாளைக் கணக்கில் வைப்பது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

எச்சம் பற்றிப் பேசும்போதெல்லாம் சாப்பிடுபவரைப் பற்றியே பேசுகிறோம். அவர் உடம்பில் போவது மைக்ரோகிராம் கணக்கு. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, முகத்துக்கு நேரே நனைந்து நிற்பவருக்குப் போவது அதைவிடப் பல மடங்கு. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அட்டையில் இருக்கும் அதே வகை நொதி அடிப்பவர் இரத்தத்திலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை அளக்கவும் முடியும். மருந்தடித்த அன்று தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்கல் வந்தால் மோர் குடித்துப் படுக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

‘‘ஐந்து வருடமாக ரசாயனம் தொடவில்லை. கடையில் வாங்கும் இயற்கை மருந்து மட்டும்தான் அடிக்கிறோம். இந்த அட்டைச் சோதனையில் எங்கள் காய் தோற்றுப்போக வாய்ப்புண்டா?’’

– வாசகி, கடையம்

உண்டு. அட்டை கெட்டிருக்கலாம், காயின் இயற்கைச் சாறு குழப்பியிருக்கலாம். இவை இரண்டும் இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துத் தெளிப்பு காற்றில் வந்திருக்கலாம். வேலியோரத்து இரண்டு வரிசைக் காயையும் நடுத்தோட்டத்துக் காயையும் தனித்தனியாகச் சோதித்தால் இது தெரிந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘உயிரி மருந்து’, ‘மூலிகைச் சாறு’ என்ற பெயரில் விற்கும் சில புட்டிகளில் ரசாயன மருந்தையே கலந்துவிடுகிறார்கள். அடித்த மறுநாளே புழுவெல்லாம் கொட்டிப்போகிறது என்றால் மகிழ்ச்சி அடைவதைவிடச் சந்தேகப்படுவது மேல். லேபிளில் உள்ளடக்கம், பதிவு எண், தயாரிப்பாளர் முகவரி இல்லாத புட்டியை வாங்க வேண்டாம். அந்தப் புட்டித் திரவத்தை நீர்க்க விட்டு அட்டையில் ஒரு சொட்டு போட்டுப் பார்க்கலாம். வெள்ளை காட்டினால், புட்டியை வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மாதிரி எடுக்கச் சொல்லலாம். நீலம் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது, மேலே சொன்ன காரணத்தால்.

‘‘சீசன் நாட்களில் குற்றாலத்தில் பழக்கடை போடுகிறோம். ‘மருந்து இருக்கா, கார்பைடு கல்லா’ என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள். இந்த அட்டையை வைத்துக் காட்டினால் நம்புவார்களா?’’

– வாசகர், குற்றாலம்

காட்ட வேண்டாம் என்பதே பதில். கார்பைடு கல்லால் பழுக்கவைத்த மாம்பழத்தை இந்த அட்டை கண்டுபிடிக்காது. அது வேறு சங்கதி. திராட்சைக்கு அடிப்பதில் பெரும்பங்கு பூஞ்சாணக் கொல்லி. அதுவும் அட்டைக்குத் தெரியாது. நீல நிறத்தைக் காட்டி விற்றால் வாங்குபவரை ஏமாற்றியது போலாகிவிடும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் ஆகியவற்றைத் தோலை நீக்கித்தான் தின்கிறார்கள். மேலே ஒட்டிய மருந்து பெரும்பாலும் தோலோடு போய்விடும். தோலோடு தின்னும் திராட்சை, கொய்யா, நாவல் போன்றவற்றைக் கண்ணெதிரே ஓடும் நீரில் அலசிக் கொடுத்தால் அதுவே நல்ல விளம்பரம். தோட்டத்திலிருந்து நேரடியாக வாங்குகிறவர்கள், எந்தத் தேதியில் கடைசியாக என்ன அடித்தீர்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைத்தால், வருடத்துக்கு வருடம் வரும் வாடிக்கையாளருக்கு அதைக் காட்டலாம்.

வீட்டில் காயைக் கழுவினால் மருந்து போகுமா என்று பெண்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மேலே படிந்தது நன்றாகவே குறையும். புளித் தண்ணீரிலோ, வினிகர் கலந்த நீரிலோ கால்மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுவது நல்ல பழக்கம். கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லியில் அடிக்கடி எச்சம் பிடிபடுவதால், ஒவ்வோர் இலையும் நனையும்படி அலச வேண்டும். வெண்டையை நறுக்கும் முன் கழுவ வேண்டும், நறுக்கிய பின் கழுவினால் அழுக்கு உள்ளே போகும். செடி உறிஞ்சிக் காய்க்குள் கொண்டுபோன ஊடுருவு மருந்து, இமிடாகுளோபிரிட் போன்றவை, எந்தக் கழுவலுக்கும் முழுதாகப் போகாது. அதைக் குறைக்கும் இடம் அடுப்படி கிடையாது. பறிப்பதற்கு முன், தோட்டத்திலேயே காத்திருக்கும் நாட்களில்தான் அது குறைய வேண்டும்.